பெரியம்மா வீட்டுக்கு யாரும் வந்து கேட்கவில்லை: டிஆர்பி எப்படி எடுக்கிறார்கள்?

கோவில்பட்டியில் இருக்கிற என் பெரியம்மாவுக்கு ராத்திரி ஒன்பது மணி சீரியல் என்றால் உயிர். கல்லில் தோசை கிடந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, ‘தமிழகத்தின் நம்பர் ஒன் தொடர்’ என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நானும் இத்தன வருசமா விடாம பாக்கேன். நம்ம தெருவுல ஒருத்தராவது வந்து, என்னம்மா பாக்கீகன்னு கேட்டிருப்பாகளா? பெறகு யாரக் கேட்டு நம்பர் ஒண்ணுங்கான்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். நம்பர் ஒன் என்று சொல்ல வைப்பது டிஆர்பி, அதாவது எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பார்க்கிறார்கள் என்று அளக்கும் ரேட்டிங் புள்ளி. அதை எப்படி எடுக்கிறார்கள் என்பதற்குச் சரியான பதில் கொஞ்சம் நீளம்.

இந்தியாவில் டிவி உள்ள வீடுகள் ஏறக்குறைய 21 கோடி என்பது 2020-க்கான மதிப்பீடு. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் மீட்டர் இருந்ததோ 2025-ல் சுமார் 58 ஆயிரம் வீடுகளில்தான். வகுத்துப் பார்த்தால் சுமார் 3,600 வீட்டுக்கு ஒரு வீடு. பெரியம்மாவின் தெருவில் மொத்தமே முப்பது வீடு. அவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் மீட்டர்காரர் கதவைத் தட்டாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

இத்தனை சிறிய எண்ணிக்கை போதுமா என்று கேட்டால், ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். அந்தப் பழமொழி ஒரே அரிசியை ஒரே பானையில் போட்டு, நன்றாகக் கிளறிவிட்டவருக்குத்தான் பொருந்தும். நம் நாட்டுப் பானையில் பச்சரிசி, புழுங்கல், கம்பு, கேழ்வரகு எல்லாம் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. மேலே இருப்பதை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்தால் அடியில் வெந்ததா என்று தெரியாது. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் எத்தனை பருக்கை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இந்தத் தொழிலின் பாதிச் சூட்சுமம்.

அதற்காக முதலில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடக்கும். 2018-ல் நடந்ததில் 3 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். டிவி இருக்கிறதா, கேபிளா டிஷ்ஷா, வீட்டில் எத்தனை பேர், என்ன மொழி பேசுகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார்கள். வீட்டின் வசதியை அளக்கத் தனியாக ஒரு முறை உண்டு. அதில் சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள்; கேட்டால் யார் உண்மையைச் சொல்கிறார்கள்? வீட்டுக்கு முக்கியமாகச் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார், பதினொரு பொருட்கள் கொண்ட பட்டியலில் வீட்டில் எத்தனை இருக்கிறது என்ற இரண்டே கேள்விகள்தான். சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கார் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். விவசாய நிலமும் வரும். பெரியப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருப்பதால் அவர் கணக்கில் ஒரு புள்ளி கூடும்.

இந்த விவரங்களை வைத்து நாட்டைச் சிறு மாதிரியாகச் சுருக்கி, அதற்கு ஏற்ற வீடுகளைத் தேர்ந்தெடுத்து மீட்டர் வைக்கிறார்கள். எந்தெந்த வீடு என்பது ரகசியம். ஒரே வீடு வருஷக்கணக்கில் தொடரக் கூடாது என்பதால், ஆண்டுக்குக் கால்வாசி வீடுகளை மாற்ற வேண்டும் என்று 2014-ல் வந்த அரசு விதிமுறை சொல்கிறது.

இதையெல்லாம் நடத்தும் அமைப்புக்குப் பார்க் (பிராட்காஸ்ட் ஆடியன்ஸ் ரிசர்ச் கவுன்சில்) என்று பெயர். 2015 ஏப்ரலில் ரேட்டிங் வெளியிடத் தொடங்கியது. இதில் ஒளிபரப்பாளர்களுக்கு 60 சதவீதப் பங்கு, விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களுக்கு 20, விளம்பர ஏஜென்சிகளுக்கு 20. கடைக்காரரே தராசில் பங்குதாரர் என்பது கேட்க விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் சரக்கு வாங்குகிறவரும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிற எடைதான் சந்தையில் செல்லும்.

டைரியிலிருந்து டப்பாவுக்கு

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் டைரி கொடுத்தார்கள். இன்றைக்கு எந்த நேரத்தில் எதைப் பார்த்தோம் என்று வீட்டுக்காரரே எழுதிவைக்க வேண்டும். வாரம் முழுக்க மறந்துவிட்டுச் சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் என்ன ஆகும்? செய்தி பார்த்தேன், கர்நாடக சங்கீதம் கேட்டேன் என்று கௌரவமானவை எல்லாம் ஏறிவிடும். நடுராத்திரி பார்த்த பழைய சண்டைப் படம் விட்டுப்போகும்.

தொண்ணூறுகளில் தனியார் சேனல்கள் பெருகியதும் மீட்டர் வந்தது. முந்தைய மீட்டர்கள் டிவி எந்த அலைவரிசையில் நிற்கிறது என்பதை வைத்துச் சேனலை அடையாளம் கண்டன. கேபிள்காரர் சேனலை இடம் மாற்றினால் அதையும் துரத்திப்போய்க் குறித்துக்கொள்ள வேண்டும். இப்போதைய முறை வேறு. சேனல் தன் நிகழ்ச்சியை விண்ணுக்கு அனுப்பும் இடத்திலேயே, அதன் ஒலிக்குள் ஒரு ரகசியக் குறியைக் கலந்துவிடுகிறார்கள். மனிதக் காதுக்கு அது கேட்காது. இது இன்ன சேனல், இன்ன நேரத்தில் கிளம்பியது என்கிற தகவல் அந்தக் குறியில் இருக்கும். ரூபாய் நோட்டில் வெளிச்சத்துக்குக் காட்டினால் தெரியும் காந்தி உருவம் மாதிரி, இது சத்தத்தில் பதித்த நீரோட்டக் குறி. பிரான்ஸ் நாட்டின் மெடியாமெட்ரி நிறுவனத்திடமிருந்து பார்க் வாங்கிய தொழில்நுட்பம் இது. கேபிளில் வந்தாலும் டிஷ்ஷில் வந்தாலும் குறி ஒன்றுதான். வீட்டில் உள்ள டப்பா அதைப் படித்து, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக அனுப்பிவிடும்.

டிவியில் என்ன ஓடுகிறது என்பது இத்தோடு தெரிந்துவிட்டது. முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதற்குத் தனியாக ஒரு ரிமோட் தருகிறார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். வந்து உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். விருந்தாளிக்கும் பட்டன் உண்டு. பல கோடி ரூபாய் விளம்பரப் பணம் கடைசியில் இந்தப் பட்டனில் வந்துதான் நிற்கிறது. குக்கர் விசில் அடித்து ஓடும்போது எத்தனை பேர் ஞாபகமாக அமுக்குவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தலைகளை அல்ல, நிமிடங்களை

இனி கணக்கு. டிஆர்பி என்றதும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்வதாகத்தான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இல்லை. ரேட்டிங் எண்ணுவது நிமிடங்களை.

பத்தே பத்துப் பேர் இருக்கிற ஓர் ஊர். அங்கே அரை மணி நேர சீரியல் ஒன்று ஓடுகிறது. நான்கு பேர் முழுதாக 30 நிமிடமும் பார்க்கிறார்கள். அது 120 நிமிடம். இரண்டு பேர் பாதியில் வந்து ஆளுக்கு 15 நிமிடம் பார்க்கிறார்கள், 30 நிமிடம். ஒருவர் சேனல் மாற்றிக்கொண்டே வந்தவர், 6 நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார். மூன்று பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மொத்தம் 156 நிமிடம். சீரியலின் நீளமான 30-ஆல் வகுத்தால் 5.2. அதாவது எந்த நிமிடத்தை எடுத்தாலும் சராசரியாக 5.2 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேரில் 5.2 என்றால் நூற்றுக்கு 52. அதுதான் ரேட்டிங்.

எட்டிப் பார்த்தவர்கள் ஏழு பேர் ஆயிற்றே என்றால், அதற்கு ரீச் என்று வேறு பெயர். ஒரு நிமிடமாவது பார்த்தவர் அதில் சேர்வார். இந்த சீரியலின் ரீச் 70 சதவீதம்.

அதே ஊரில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரப் படம் போடுகிறார்கள். ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ என்று ஒரு வாரமாக அறிவித்த படம். பத்துப் பேரும் வருகிறார்கள். ஆனால் விளம்பரம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் போக ஆளுக்கு 50 நிமிடம்தான் பார்க்கிறார்கள். 500 நிமிடத்தை 180-ஆல் வகுத்தால் 2.8, ரேட்டிங் 28. ஊரே பார்த்த படம் 28, மூன்று பேர் சீண்டாத சீரியல் 52. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால், எல்லாரும் பார்த்ததாகப் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சி பட்டியலில் ஏன் கீழே கிடக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சேனல்கள் சீரியலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் இதுதான். வாரம் முழுக்க ஒளிபரப்பானவற்றின் ரேட்டிங்கைக் கூட்டினால் வருவதை ஜிஆர்பி என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படம் ஒரு நாள்தான் அதில் சேரும். வாரத்துக்கு ஆறு நாள் ஓடும் சீரியல் ஆறு நாளும் சேரும். பெரியம்மா மாதிரி நேரம் தவறாத ஒருவர், வாரக்கடைசியில் வந்துபோகும் பல பேருக்குச் சமம்.

இந்தப் புள்ளிகள் விளம்பர நேரத்துக்கு விலை பேசத்தான் பிறந்தன. பத்து வினாடிக்கு இவ்வளவு என்று சேனல் விலை சொல்லும். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு எவ்வளவு ஆகிறது என்று ஏஜென்சிக்காரர் வகுத்துப் பார்த்துப் பேரம் பேசுவார். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று ஒரு விதி இருப்பதால், விற்கிற சரக்கின் அளவு வரம்புக்குட்பட்டது. ஆகவே விலையை ஏற்றத்தான் பார்ப்பார்கள். சீரியல் நன்றாக இருக்கிறதா, பார்த்தவர் ரசித்தாரா திட்டிக்கொண்டே பார்த்தாரா என்பதற்கு இந்த அளவையில் இடமே இல்லை. சோப்பு விளம்பரம் வரும்போது எத்தனை கண்கள் எதிரே இருக்கும் என்பதுதான் கேள்வி.

அதுவும் எந்தக் கண்கள் என்பது முக்கியம். அடுத்த முறை ‘நம்பர் ஒன்’ என்று போட்டால் அதன் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். தமிழ்நாடு–புதுச்சேரி, நகரமும் கிராமமும், வயது 2+, இத்தனையாவது வாரம், இன்ன நேரம் என்று ஏதாவது இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையும் பார்வையாளர்தான்! இந்த வரையறைகளில் ஒன்றை மாற்றினால் வேறு சேனல் முதலிடத்துக்கு வந்துவிடலாம். நகரத்தில் 15 முதல் 30 வயதுப் பெண்கள் என்று சுருக்கினால் இன்னொரு சேனல். ஒரே வாரத்தில் மூன்று சேனல்கள் ‘நாங்களே நம்பர் ஒன்’ என்று சொன்னாலும் மூன்றும் உண்மையாக இருக்கக்கூடும்.

வியாழக்கிழமை வரும் காய்ச்சல்

கணக்கில் வாரம் என்பது சனி முதல் வெள்ளி வரை. அடுத்த வியாழக்கிழமை எண்கள் வரும். சீரியல் யூனிட்டுகளில் அன்றைக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச முடியாது என்பார்கள். எண் இறங்கினால் கதையில் திடீரென்று விபத்து நடக்கும். கோமாவில் கிடந்தவர் எழுந்து உட்காருவார். கல்யாணம் பத்து நாளைக்கு நீளும். இரண்டு சீரியல் குடும்பங்களைக் கோயில் திருவிழாவில் சந்திக்க வைத்து ‘மகாசங்கமம்’ நடத்துவதும் இதே காரணத்துக்குத்தான். ஒன்றின் பார்வையாளரை மற்றதற்குக் கைமாற்றி விடுகிறார்கள்.

கதை ஒரு பக்கம் கிடக்கட்டும். கதையோடு தொடர்பே இல்லாத விஷயங்கள் ரேட்டிங்கை அதைவிட அதிகமாக ஆட்டிவைக்கின்றன.

முதலாவது நேரம். ஒன்பது மணிக்கு ஓடும் தொடரை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளினால், அதே கதை, அதே நடிகர்கள், எண் மட்டும் சரிந்துவிடும். டிவி முன்னால் அந்த நேரத்தில் இருக்கிற மொத்த ஆட்களே குறைவு. முன்னால் ஓடிய நிகழ்ச்சிக்கும் பங்குண்டு. எட்டரை மணித் தொடரைப் பார்த்தவர், ரிமோட்டைத் தேட அலுத்துக்கொண்டு ஒன்பதிலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஐபிஎல் ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரே டிவி உள்ள வீட்டில் ரிமோட் யார் கையில் என்பதே பெரிய சண்டை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, கரண்ட் இல்லாத வீட்டில் எந்த சீரியலுக்கும் பூஜ்யம்தான்.

2020 ஊரடங்கில் நேர்மாறாக நடந்தது. எல்லோரும் வீட்டுக்குள். படப்பிடிப்பு நின்றுபோனதால் எந்தச் சேனலிலும் புது எபிசோட் கிடையாது. மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தை மறுபடி போட்டது. எண்பதுகளில் எடுத்த தொடர். நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட சேனல் தூர்தர்ஷன் என்று பார்க் கணக்கு சொன்னது.

எங்கே கிடைக்கிறது என்பது இன்னொரு பெரிய விஷயம். மாதச் சந்தா இல்லாத ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து 2019-ன் தொடக்கத்தில் பெரிய குழுமங்கள் தங்கள் இந்திச் சேனல்களை விலக்கிக்கொண்டன. அங்கேயே தங்கிய தங்கல் என்ற சேனலில் பெரும்பாலும் பழைய தொடர்கள்தான். சில வாரங்களில் அது இந்திப் பொழுதுபோக்குச் சேனல்களில் முதலிடத்துக்குப் போய்விட்டது. எதிரில் இருந்த கடைகள் மூடியிருந்தன, அவ்வளவுதான்.

கொஞ்சம் தந்திரமான வழியும் உண்டு. செட்டாப் பாக்ஸை ஆன் செய்ததும் நாம் கேட்காமலே ஒரு சேனல் வந்து நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? அதற்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். அந்த இடத்துக்குச் சேனல்கள் காசு கொடுக்கின்றன. நாம் ரிமோட்டைத் தேடி, கண்ணாடியைப் போட்டு, எண்ணை அழுத்துவதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். ரீச்சில் ஒரு தலை கூடிவிடும். ரேட்டிங் எடுக்கப்படும் சேனல்களை அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. 2019 மே மாதம் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இப்படித் தற்செயலாக வரும் பார்வைகளைக் கழித்துக்காட்டப் பார்க் தன் கணக்கில் ஒரு சல்லடை வைத்திருக்கிறது.

சிறிய எண், பெரிய ஆட்டம்

மாதிரி எடுத்து அளக்கும் எதிலும் கூடக்குறைய இருக்கும். சந்தேகமெல்லாம் எவ்வளவு என்பதில்தான். மாதிரியில் 1,000 பேர் இருந்து, அதில் 100 பேர் ஒரு சீரியலைப் பார்த்தால் 10 சதவீதம். உண்மை நிலவரம் எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அதே 1,000 பேரில் 10 பேர் மட்டும் ஒரு செய்திச் சேனலைப் பார்த்தால் 1 சதவீதம். அங்கே உண்மை 0.4-ஆகவும் இருக்கலாம், 1.6-ஆகவும் இருக்கலாம். நான்கு மடங்கு வித்தியாசம். ஆகவே பெரிய சீரியலின் ரேட்டிங்கை நம்புகிற அளவுக்குச் சின்னச் சேனலின் வாராந்திர ஏற்ற இறக்கத்தை நான் நம்புவதில்லை. ‘இந்த வாரம் 20 சதவீத வளர்ச்சி’ என்று கேக் வெட்டுகிறார்கள். மீட்டர் வீடு ஒன்றில் தாத்தா ஊரிலிருந்து வந்திருப்பார்.

முறைகேட்டுக்கு வாசல் திறப்பதும் இதே ஓட்டைதான். சீரியலின் எண்ணை உயர்த்த ஏராளமான வீடுகளை வளைக்க வேண்டும். பத்துப் பேர் பார்க்கும் சேனலுக்கு இரண்டு வீடு போதும். எந்த வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பது தெரிந்தால் காரியம் முடிந்தது. 2001-லேயே மும்பையில் அப்படியொரு பட்டியல் கசிந்து பெரிய விவகாரமானது. 2020 அக்டோபரில் மும்பை போலீஸ், குறிப்பிட்ட சேனல்களைப் போட்டுவைக்கச் சொல்லி மீட்டர் வீடுகளுக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டியது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள், 2024-ல் வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் அந்தப் பரபரப்பில் செய்திச் சேனல்களின் ரேட்டிங்கை நிறுத்திவைத்த பார்க், 2022 மார்ச்சில்தான் மறுபடி வெளியிட ஆரம்பித்தது. அதுவும் ஒரு வார எண்ணாக இல்லாமல், நான்கு வாரச் சராசரியாக. சின்ன எண்ணின் குதியாட்டத்தை அடக்க அது ஒரு வழி.

சித்திரையில் மறுபடி கோவில்பட்டி போயிருந்தபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்ல முயன்றேன். பாதிதான் கேட்டார். இப்போது அவர் சீரியலை டிவியில் பார்ப்பதே இல்லை. பேரன் செல்போனில் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். இரவு வரப்போகும் எபிசோட் அதில் முன்கூட்டியே வந்துவிடுகிறதாம். அடுப்பங்கரையில் கடுகு டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, மாவு ஆட்டிக்கொண்டே சாயங்காலமே பார்த்து முடித்துவிடுகிறார். டிவி மீட்டரில் அந்த அரை மணி நேரம் எந்தக் காலத்திலும் விழாது.

ஒன்பது மணிக்கு ஹாலில் டிவி மட்டும் பழக்கதோஷத்தில் அதே சேனலில் ஓடுகிறது. எதிரே ஈசி சேரில் பெரியப்பா. வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். நான் ரிமோட்டை எடுத்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மாத்தாதப்பா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."